ஆச்சி சொன்ன டேசன்

முதல் நாள்: நெல்லையிலிருந்து செந்தூர்

எங்கள் ஆச்சி திசையன்விளைக்காரி. பள்ளிக்கூட லீவுக்கு அவள் வீட்டுக்குப் போனால், சாயங்காலம் கையில் ஒரு ரூபாயைக் கொடுத்து, "ஏல, டேசன் பக்கம் போயி வெத்தல வாங்கிட்டு வா" என்பாள். எனக்குக் கை கால் உதறும். டேசன் என்றால் நான் அறிந்தது போலீஸ் டேசன் ஒன்றுதான். தம்பியை அனுப்பிவிடுவேன். அவன் போய் வாங்கி வந்து, "அங்க போலீசே இல்ல, வெத்தலக் கடைதான் இருக்கு" என்று சொன்ன பிறகும் எனக்குப் பயம் போகவில்லை.

திசையன்விளைக்கு ரயில் கிடையாது. ரயில் ஏற வேண்டுமென்றால் ஒரு பக்கம் வள்ளியூர், நாங்குநேரி. இன்னொரு பக்கம் திருச்செந்தூர். அப்படியிருக்க ஒரு தெரு மூலைக்கு டேசன் என்று பெயர் எப்படி வந்தது என்று ஆச்சி இருந்தவரை நான் கேட்டதே இல்லை. அவள் போய்ப் பன்னிரண்டு வருடம் கழித்து, இந்தப் பக்கத்தில் குலசேகரன்பட்டினம் லைட் ரயில்வே என்று ஒரு சின்ன ரயில் ஓடியதைப் படித்த அன்றைக்குத்தான் பொறி தட்டியது. இந்த நாலு நாள் பயணம் அதற்காகத்தான். அன்றன்றைக்குப் பார்த்ததை அன்றன்றைக்கே ராத்திரி எழுதிவிட வேண்டும் என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட கட்டாயம்.

பெரிய ரயிலில் ஆரம்பிப்பதுதான் முறை என்று நெல்லை ஜங்ஷனில் காலை பாசஞ்சரைப் பிடித்தேன். வைகாசி மாதம். முகூர்த்த நாள் கூட்டம், பெட்டி முழுக்கப் பிச்சிப்பூ வாசம். பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், தாதன்குளம் தாண்டினால் ஸ்ரீவைகுண்டம். ஜன்னல் ஓரம் இருந்த பெரியவர் ஒருவர், வண்டி அங்கே நின்றதும் எழுந்து வாசலுக்குப் போய் வெளியே பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோனது இந்த ஸ்டேஷனில்தான். சுமார் 800 பேர். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண்ணையும் ஜல்லியையும் தண்ணீர் அள்ளிக்கொண்டு போய், தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் ஊஞ்சல் மாதிரி தொங்கிய படத்தை எல்லாரும் பார்த்திருப்போம். பெரியவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நெல்லை–செந்தூர் பாதை 1923-ல் திறந்தது. 60 கிலோமீட்டர் சொச்சம். முதலில் மீட்டர் கேஜ், 2008-ல் அகலப்பாதை ஆயிற்று. ஆழ்வார்திருநகரி, நாசரேத், கச்சனாவிளை, குரும்பூர் என்று வாழையும் நெல்லுமாக வரும் பாதை, ஆறுமுகநேரி வந்ததும் உப்பளமாக மாறிவிடும். மண் வெளுத்து, காற்றில் ஈரம் ஏறி, கண்ணுக்கு எட்டிய இடமெல்லாம் பனை. தாமிரபரணிச் சீமை அங்கே முடிகிறது. சின்ன ரயிலின் சீமை அதற்கு அப்பால்தான்.

செந்தூரில் சாமி கும்பிட்டு, கடலில் கால் நனைத்து, மத்தியானம் அறைக்கு வந்து படுத்தேன். இன்றைக்கு வேறு வேலை இல்லை. ஆகவே ரயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

குலசை என்று நாங்கள் சொல்லும் குலசேகரன்பட்டினத்தில் பாரி கம்பெனிக்கு ஒரு சர்க்கரை ஆலை இருந்தது. சென்னையில் பாரி முனை இருக்கிறதே, அதே பாரிதான். 1788-ல் தாமஸ் பாரி தொடங்கிய வியாபாரம். கரும்பு விளையாத இந்த மண்ணில் எதை வைத்துச் சர்க்கரை? கருப்பட்டியை வைத்துத்தான். உடன்குடி, திசையன்விளைப் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு காய்ச்சும் கருப்பட்டியை வாங்கி, சுத்தம் செய்து, வெள்ளைச் சர்க்கரை ஆக்குவது. அதைக் கொண்டு வந்து சேர்க்கத்தான் இந்த ரயில். திசையன்விளையில் தொடங்கி, உடன்குடி, குலசை வழியாகத் திருச்செந்தூர் வரை. இன்றைய சாலைக் கணக்கில் 40 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1910களில் ஓட ஆரம்பித்தது, 1940-ல் நின்றது. சரக்குக்காகப் போட்ட பாதைதான். ஆனால் ஆட்களும் ஏறினார்கள்.

தண்டவாளத்தின் அகலம் இரண்டே அடி. 610 மில்லிமீட்டர். நான் காலையில் வந்த அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். எண்ணாகச் சொன்னால் மனதில் உட்காராது என்று, கொண்டுவந்த டேப்பைப் பிரித்து அறைத் தரையில் அளந்து பார்த்தேன். பதித்திருந்த டைல்ஸ் சரியாக இரண்டடிக்கு இரண்டடி. ஒரு டைல்ஸின் இந்த ஓரத்தில் ஒரு தண்டவாளம், அந்த ஓரத்தில் ஒரு தண்டவாளம். அவ்வளவுதான் பாதை. இரண்டு கோட்டிலும் இரண்டு காலை வைத்து நின்றேன். சாதாரணமாக நிற்பதைவிடக் கொஞ்சம் அகட்டி நின்றால் போதும். இதன் மேல் ஒரு இன்ஜின், பின்னால் பெட்டிகள், அதற்குள் ஆட்கள், கருப்பட்டிச் சிப்பங்கள். ரொம்ப நேரம் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள்: குலசை

பஸ் ஆலந்தலை, கல்லாமொழி என்று கடலை ஒட்டியே போகிறது. கல்லாமொழிக் கடலில் உடன்குடி அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கப் போட்ட பாலம் தெரிகிறது. செந்தூரில் சின்ன ரயில் எங்கே வந்து நின்றிருக்கும் என்று காலையில் பெரிய ஸ்டேஷனைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். கண்ணில் படும்படி ஒன்றும் இல்லை. கடைகள், லாட்ஜுகள், ஆட்டோ ஸ்டாண்டு. ஒரு மணி நேரத்தில் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

குலசை என்றால் இன்று எல்லாருக்கும் தசராதான். முத்தாரம்மன் கோயில். காளி வேடமும் குறவன் குறத்தி வேடமும் போட்டு, ஊர் ஊராகக் காணிக்கை எடுத்து, பத்தாம் நாள் சூரசம்ஹாரத்துக்குக் கடற்கரையில் லட்சக்கணக்கில் கூடுவார்கள். நான் போனது வைகாசியில். கோயில் வாசலில் இரண்டு பூக்கடை, ஒரு மோர்ப்பந்தல், நாலைந்து பேர். நிம்மதியாகக் கும்பிட்டேன்.

டீக்கடை அண்ணாச்சியிடம் "பாரி கம்பெனி எங்க அண்ணாச்சி இருந்துது?" என்று கேட்டதும், அவர் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. கையிலிருந்த டீயை ஆற்றிக்கொண்டே தலையைக் கடல் பக்கம் அசைத்தார்.

"அது எங்க தாத்தா காலம்லா. சீனி ஆபீசுன்னு சொல்லுவாவ. அந்தக் காலத்துல இங்க கப்பல் வரும். சீனி போவும், உப்புப் போவும், கருவாடு போவும். ரயிலும் வந்துதாம். இப்ப ஒண்ணும் கெடயாது, பாத்துக்கிடுங்க."

அண்ணாச்சி ஒரே மூச்சில் சொன்ன வரிசை எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. கப்பல், சீனி, உப்பு, ரயில். ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றவை. குலசை பழைய துறைமுகம், பாண்டியன் குலசேகரன் பெயரைத் தாங்கிய பட்டினம். கடலில் துறை இருந்ததால் ஆலை வைக்க இடம் பொருந்தியது. ஆலை இருந்ததால் உள்நாட்டிலிருந்து கருப்பட்டி வர வழி வேண்டியிருந்தது. வரைபடத்தில் பார்த்தால் கடலோரமாகச் செந்தூரில் ஆரம்பித்து, குலசையில் உள்ளே திரும்பி, பனங்காட்டுக்குள் நுழைந்து, திசையன்விளையில் முடிகிற கோடு இது. இதுபோன்ற கோட்டை ஜனங்களுக்காகப் பாதை போடுகிறவர்கள் வரைய மாட்டார்கள். பனை எங்கே அடர்த்தியோ அங்கே போயிருக்கிறது.

மத்தியானத்துக்கு மேல் கடற்கரையில் நடந்தேன். தெற்கே மணப்பாட்டு மணற்குன்றும் அதன் மேல் சர்ச்சும் தெரிந்தன. உப்பளக் காற்று. இங்கே நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரயில் நின்று இரண்டு ஆண்டு கழித்து, 1942 ஆகஸ்ட் போராட்டத்தின் வேகத்தில், செப்டம்பர் 20 அன்று இங்கே உப்பு அதிகாரியாக இருந்த லோன் துரை கொல்லப்பட்டார். குலசேகரன்பட்டினம் சதி வழக்கு என்று பெயர். காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். பிறகு அது குறைக்கப்பட்டு, இருவரும் உயிரோடு வெளியே வந்தார்கள். இந்த ஊருக்கு வெளியே இந்த வழக்கைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? எங்கள் மாவட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

இப்போது குலசைக்குப் புதிய வேலை வந்திருக்கிறது. இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளம். 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே துருவப் பாதைக்கு ராக்கெட் விட்டால், இலங்கைக்கு மேலே போகாமல் வளைத்துத் திருப்ப வேண்டும். அதற்கு எரிபொருள் செலவு. சின்ன ராக்கெட்டுக்கு அது கட்டாது. குலசையிலிருந்து நேர் தெற்கே விட்டால் வெறும் கடல். ஊரின் இருப்பிடம்தான் அன்றைக்கும் இன்றைக்கும் அதன் சொத்து. வேலி போட்ட பக்கம் நான் போகவில்லை.

மூன்றாம் நாள்: உடன்குடி, தேரி

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

உடன்குடியில் கூடப் படித்த நண்பன் ஒருவன் இருக்கிறான். அவன் பைக்கைக் கொடுத்து, "வெயிலுக்கு முன்னால விடிலிக்குப் போயிரு" என்றான். விடிலி என்பது பதனீர் காய்ச்சும் குடிசை. ஊருக்கு வெளியே பனங்காட்டுக்குள், சுற்றிலும் ஓலை மறைப்பு, மேலே ஓலைக் கூரை, நடுவில் மண் அடுப்பு. ஆறரை மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்தேன். அக்கா ஒருவர் அடுப்பில் பனை மட்டையைச் சொருகிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் இன்னும் பனையில் இருந்தார்.

"இருங்க தம்பி, அவிய எறங்கட்டும். சூடு ஏறுறதுக்கு முன்ன ஒரு பட்டை குடிச்சிட்டுப் பேசுங்க."

அவர் இறங்கி வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நெஞ்சும் முழங்காலின் உள்பக்கமும் காய்ப்புக் காய்த்துக் கறுத்திருந்தன. இடுப்பில் பாளை அரிவாள் வைத்த பெட்டி. ஓலையை மடித்துப் பட்டை பிடித்து, அதில் பதனீரை ஊற்றி என் கையில் தந்தார். பச்சை ஓலை வாசமும் சுண்ணாம்பு வாசமும் கலந்த இனிப்பு. இரண்டாவது பட்டையை நான் கேட்கவில்லை, அவரே ஊற்றிவிட்டார்.

ஒரு நாளைக்கு முப்பது முப்பத்தைந்து பனை ஏறுகிறார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவி விட வேண்டும். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும், பதனீர் ஊறாது. கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு இருந்தாலும் ரொம்ப நேரம் தாங்காது. அக்கா சொன்னார்:

"எறக்குன உடனே அடுப்புல ஏத்திரணும் தம்பி. நல்லது கெட்டதுன்னு ஒருநா வீட்ல ஒக்காந்துட்டா அம்புட்டும் போச்சி."

எனக்கு ரயில் புரிந்தது அந்தப் பேச்சில்தான். நான் அதுவரை பதனீரைக் குடம் குடமாக ரயிலில் ஏற்றிக் குலசைக்குக் கொண்டு போயிருப்பார்கள் என்றுதான் மனதுக்குள் வைத்திருந்தேன். அது நடக்கிற காரியமே இல்லை. பதனீர் காத்திருக்காது. அதனால்தான் காய்ச்சுவது பனங்காட்டிலேயே, ஒவ்வொரு குடும்பத்தின் அடுப்பிலேயே நடக்கிறது. கட்டியாகிவிட்ட கருப்பட்டிதான் ஊர் கடக்கும். அப்படியானால் பாரி கம்பெனி ஆலையின் முதல் பாதி இங்கே, இந்த மாதிரி ஆயிரம் விடிலிகளில், பெண்களின் கையில் நடந்திருக்கிறது. இன்ஜினும் தண்டவாளமும் இரண்டாம் பாதிக்கு மட்டும்தான்.

கொதிக்கக் கொதிக்க நுரை பொங்கி விளிம்புக்கு வந்தது. அக்கா இரண்டு ஆமணக்கு முத்தை நசுக்கி உள்ளே போட்டார். பொங்கின நுரை அப்படியே அடங்கியது. வெள்ளைத் தண்ணீர் மஞ்சளாகி, செம்மண் நிறமாகி, கடைசியில் கறுப்பும் சிவப்புமாகக் குமிழ் விட ஆரம்பித்தபோது, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அகப்பையால் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டார். விரலில் உருட்டிப் பார்த்தார். உருண்டது. "பதம் வந்துட்டு." சட்டியை இறக்கி, துடுப்பால் கிண்டி, வரிசையாக அடுக்கி வைத்த சிரட்டைகளில் ஊற்றினார். ஊற்றின வேகமும் அளவும் ஒரு சிரட்டைக்கும் அடுத்த சிரட்டைக்கும் கொஞ்சமும் மாறவில்லை. பத்து லிட்டர் காய்ச்சினால் ஒன்றேகால், மிஞ்சிப் போனால் ஒன்றரை கிலோ கிடைக்குமாம்.

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் சீனியைப் பாகு காய்ச்சி, நிறம் ஏற்றி, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி என்று விற்கிறவர்கள் பாதி விலைக்குத் தருகிறார்கள். அந்தச் சந்தையில் இந்த அக்காவின் அடுப்பு எரிய வேண்டியிருக்கிறது. அவர்கள் இருந்த பக்கத்தில் முன்பு பதினெட்டு விடிலி இருந்ததாம். இப்போது மூன்று. இரண்டு கிலோ வாங்கினேன். விலையில் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு தேரிக்குப் போனேன். பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? கடலோரத்திலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, மாம்பழத் தோல் நிறத்திலிருந்து குங்கும நிறம் வரை, மேடும் பள்ளமுமாகச் செம்மணல். ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் காற்று கொண்டு வந்து குவித்தது. இரும்புச் சத்து ஏறிச் சிவந்தது. குதிரைமொழித் தேரி எல்லாவற்றிலும் பெரியது. அதற்குள்ளே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் மட்டும் சுனைத் தண்ணீரும் பெரிய பெரிய மரங்களும். கோயிலிலிருந்து வெளியே கால் வைத்தால் மறுபடியும் சுடுமணல்.

பைக்கைச் சாலையிலிருந்து ஒரு பத்தடி மணலுக்குள் இறக்கினேன். பின்சக்கரம் அச்சு வரை புதைந்துவிட்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தம்பி ஒருவன் வந்து, ஓலையை வெட்டிச் சக்கரத்துக்கு அடியில் போட்டு, தள்ளி ஏற்றிவிட்டான். அவன் போன பிறகு அந்தச் சக்கரத் தடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மாட்டு வண்டிக்கும் இதுதானே கதி! பாரம் ஏற்றின வண்டி இந்த மண்ணில் எத்தனை தூரம் போகும்? தார் ரோடு இல்லாத காலத்தில் கருப்பட்டிச் சிப்பத்தைத் தலையில்தான் சுமக்க வேண்டும். மணலைக் குறுக்கே கடக்க, லேசான தண்டவாளமும் சின்ன இன்ஜினும் அந்தக் காலத்துக்கு நல்ல யோசனை. இரண்டடிப் பாதைக்கு மண்வேலை குறைவு, இரும்பு குறைவு, வளைவுகளில் சுருக்கத் திரும்பும். ரோடு வந்து, பஸ்ஸும் லாரியும் வீட்டு வாசல் வரை வந்ததும் அந்த யோசனைக்கு வேலை இல்லாமல் போயிற்று. நாட்டில் இப்படிப் பல சின்ன ரயில்களை பஸ் விழுங்கியிருக்கிறது.

நான்காம் நாள்: திசையன்விளை

தட்டார்மடம், இடைச்சிவிளை வழியாகப் பஸ். இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? விளை, காடு, பத்து, குடியிருப்பு. விளை என்றால் தோப்பு, தோட்டம். மரத்தை நம்பி உட்கார்ந்த ஊர்கள். 1986-ல் மாவட்டத்தைப் பிரித்தபோது உடன்குடியும் குலசையும் தூத்துக்குடிக்குப் போயின, திசையன்விளை நெல்லையோடு நின்றது. பனைக்கு அந்தக் கோடு தெரியாது. பேச்சிலும் அந்தக் கோடு தெரியாது.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இடையன்குடி. கால்டுவெல் 1841-ல் வந்து அரை நூற்றாண்டு வாழ்ந்த ஊர். சென்னையிலிருந்து நடந்தே இந்தச் சீமைக்கு வந்தவர். அவர் கட்டிய சர்ச்சுக்குள்தான் அவருடைய கல்லறையும் இருக்கிறது. போன தடவை பார்த்துவிட்டதால் இந்த முறை போகவில்லை.

திசையன்விளையில் ஆச்சியின் சித்தப்பா மகன் இருக்கிறார். எனக்குத் தாத்தா முறை. நாங்கள் பாட்டையா என்போம். தொண்ணூற்றொன்று நடக்கிறது. காது கொஞ்சம் மந்தம், மற்றபடி கண்ணாடி போட்டுப் பேப்பர் படிக்கிறார். ரயில் நின்றபோது அவருக்கு ஆறு வயது. அப்படியென்றால் ஏறியிருப்பார், இல்லை பார்த்தாவது இருப்பார் என்று நம்பித்தான் நான் இந்தப் பயணத்தையே கிளப்பினேன்.

"பாட்டையா, அந்த ரயில் ஞாபகம் இருக்கா?"

"எனக்கு வண்டி ஞாபகம் இல்ல பேரப்புள்ள."

எனக்கு முகம் வாடியிருக்க வேண்டும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வண்டி ஞாபகம் இல்ல. வண்டி போன பொறவு உள்ளதுதான் ஞாபகம். தண்டவாளத்தப் பேத்து எடுத்தாவ. இரும்ப வண்டில ஏத்தினாவ, சிலிப்பர் கட்டையவும் எடுத்துட்டுப் போயிட்டாவ. எடுத்த எடத்துல மண்ணுல பள்ளம் பள்ளமாக் கெடந்துது. பாத்தா ஏணியப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கும். ஊருக்கு வெளிய அம்புட்டுத் தூரத்துக்கும் அந்த ஏணிதான். நாங்க பயலுவ எல்லாம் அதுல ஒத்தக்கால்ல நொண்டி அடிச்சிக்கிட்டே போவோம். எவன் கால் ஊனாம ரொம்பத் தூரம் போறான்னு பந்தயம்."

"எவ்வளவு நாள் கெடந்தது பாட்டையா?"

"ஒரு காத்துக் காலம். ஆடிக் காத்து அடிச்சிது, மண்ணு மூடிட்டு."

இரண்டாவது தடவையும் அதையே சொல்லச் சொல்லிக் கேட்டேன். அதே வார்த்தைகளில் அப்படியே சொன்னார். ஏணியப் படுக்கப் போட்ட மாதிரி. நாலு நாளாக நான் கட்டடத்தைத் தேடினேன், கல்லைத் தேடினேன், இரும்பைத் தேடினேன். அந்த ரயிலின் தடத்தைக் கண்ணால் பார்த்த ஒருவர் பார்த்தது இதைத்தான்.

போர் 1939-ல் ஆரம்பித்துவிட்டது. இரும்புக்குக் கிராக்கி இருந்த காலம். அந்தப் போர்க்காலத்தில் பிடுங்கப்பட்ட கிளைப் பாதைகள் நாட்டில் பல. மதுரைக்குப் பக்கத்தில் 1928-ல் வந்த போடிநாயக்கனூர் பாதையையும் அப்படித்தான் பிடுங்கினார்கள். ஆனால் போடிக்கு 1950களில் மறுபடி தண்டவாளம் போட்டார்கள். 2010-ன் கடைசியில் அகலப்பாதைக்காக மூடி, பன்னிரண்டரை வருடம் காக்க வைத்தாலும், 2023 ஜூனில் போடிக்கு ரயில் திரும்பி வந்துவிட்டது. போடியின் ஏலக்காய்க்குக் கிடைத்தது எங்கள் கருப்பட்டிக்குக் கிடைக்கவில்லை. போடி பாதை பெரிய ரயில்வேயின் கிளை. அதைக் கேட்க ஆள் இருந்தார்கள். இது ஒரு கம்பெனியின் பாதை. கம்பெனிக்குத் தேவை தீர்ந்த அன்றைக்கு ஊருக்கும் தீர்ந்தது என்று முடித்துவிட்டார்கள். காரைக்குடியிலிருந்து தூத்துக்குடி, திருச்செந்தூர் வழியாகக் கன்னியாகுமரிக்குக் கடலோரப் பாதை போட சர்வே எடுத்தார்கள். இந்தப் பக்கத்து ஜனங்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். செந்தூருக்கு அந்தப் பக்கம் இன்று வரை ஒரு தண்டவாளம் விழவில்லை. இவ்வளவு ஜனமும், தசராவும், அனல்மின் நிலையமும், ஏவுதளமும் உள்ள ஒரு கடற்கரைக்கு 1940-க்குப் பிறகு ரயில் இல்லை என்பது நியாயமே இல்லை.

சாயங்காலம் பாட்டையாவின் பேரன் பைக்கில் என்னை டேசனுக்குக் கூட்டிக்கொண்டு போனான். பாட்டையா வாசல் வரை வந்து, கையை நீட்டி வழி சொல்லி அனுப்பினார். பேரனுக்கும் அது டேசன் என்று தெரியாது. கடைகள், வீடுகள், மாடியில் ஒரு டியூஷன் சென்டர், ஒரு மொபைல் ரிப்பேர் கடை. தரை கொஞ்சம் மேடாக இருந்தது. மூலையில் வெற்றிலைக் கடை இருந்தது. ஆச்சி காலத்துக் கடையா என்று கேட்டேன். கடைக்காரர் தான் வந்து எட்டு வருடம்தான் ஆகிறது என்றார். வெற்றிலையும் களிப்பாக்கும் வாங்கினேன். எனக்கு வெற்றிலைப் பழக்கம் இல்லை.

நெல்லை பஸ் கிளம்ப நேரம் இருந்தது. வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குலசை, விடிலி, பாட்டையா சொன்ன ஏணி, டேசன் மேடு. அம்மா கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் சாதாரணமாகச் சொன்னாள்:

"உங்க ஆச்சி அந்த வண்டில போயிருக்காளே. ஏழு வயசோ எட்டு வயசோ. செந்தூர்ல மொட்டை போட்டுட்டுத் திரும்பி வரும்போது அதுலதான் கூட்டியாந்தாவளாம். சன்னல் ஓரம் இருந்து வெளிய தலய நீட்டிக்கிட்டே வந்தாளாம். மொட்டத் தலையில சந்தனம் ஈரமா இருந்துச்சா, இன்ஜின் கரித்தூளு எல்லாம் வந்து ஒட்டிக்கிட்டு. டேசன்ல எறங்குனா தல முழுக்கப் புள்ளி புள்ளியா கறுப்பு. அவ அம்ம கெணத்தடில வச்சுத் தேங்கா நாரு போட்டுத் தேச்சாளாம். தலயெல்லாம் எரிஞ்சி, அழுது தீத்துட்டாளாம்."

பஸ் ஸ்டார்ட் பண்ணிவிட்டார்கள். படியில் நின்றபடியே இதை நோட்டில் எழுதிக்கொண்டேன். கை ஆடி எழுத்துக் கோணிவிட்டது. வீட்டுக்கு வந்துதான் பிரித்தெழுதினேன். கொண்டுவந்த கருப்பட்டியில் ஒரு வட்டை உடைத்து, அம்மா சுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருக்கிறாள்.